விக்கை வீட்டிலேயே வெட்டிப் பொருத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ கொடுத்தபோது முடி முழுவதும் கொட்டிவிட்டது. நல்ல விக்காகப் பார்த்துத்தான் வாங்கினோம். போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தவள், "இது யாரோ தலைடி" என்று சொல்லிக் கழற்றி வைத்துவிட்டாள். நிறம் சரியாக இருந்தது, நீளமும் சரி, ஆனாலும் அது அவளாக இல்லை. அப்போதுதான் விக் வெட்டக் கற்றுக்கொண்டேன். அவளுடையதை நான்கைந்து முறை வெட்டித் திருத்தினேன். அப்புறம் சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பதினைந்து விக் போல வெட்டியாகிவிட்டது. வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

புது விக் ஏன் பார்த்தவுடனே விக் என்று தெரிந்துவிடுகிறது?

முடி அதிகமாக இருப்பதால்தான். உள்தொப்பியில் முடியை வரிசை வரிசையாகத் தைத்திருப்பார்கள். அந்தத் தையல் வெளியே தெரியக் கூடாது என்பதற்காக உச்சியிலும் பின்பக்கமும் முடியை அள்ளி வைத்திருப்பார்கள். நம் சொந்த முடி அப்படி வளர்வதில்லை. தலை முழுக்கச் சுமார் 1 லட்சம் முடி இருந்தாலும், நெற்றியோரத்தில் மெலிசாக, குட்டை குட்டையாகத் தொடங்கி, பின்னால் போகப் போகத்தான் அடர்த்தியாகும். விக்கில் முதல் வரிசையே கனமாக நிற்கும். எதிரில் இருப்பவர் கண் நேராக அங்கேதான் போகும்.

கடையிலிருந்து வந்த விக்கை நான் ரவிக்கைத் துணி என்றுதான் நினைப்பேன். அளவெடுத்து வெட்டித் தைத்தால்தானே அது ரவிக்கை? பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே போட்டுப் பார்த்துவிட்டு, "எனக்கெல்லாம் விக் பொருந்தாது" என்று மனம் உடைந்துபோகிறவர்களைப் பார்த்தால் எனக்குத் தாங்காது. குறை அவர்கள் முகத்தில் இல்லவே இல்லை.

என் விக் ஃபைபரா (செயற்கை இழையா), மனித முடியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பிடரிப் பக்கம் உள்வரிசையிலிருந்து ஒரே ஒரு முடியை எடுங்கள். இடுக்கியில் பிடித்து, சிங்க்குக்கு மேலே வைத்து நுனியில் தீக்குச்சியைக் காட்டுங்கள். மனித முடி பொசுங்கும், முடி கருகும் நாற்றம் வரும், தொட்டால் சாம்பலாக உதிரும். ஃபைபர் உருகிச் சுருண்டு நுனியில் கெட்டியான மணிபோல நிற்கும், பிளாஸ்டிக் வாடை வரும். விக் தலையில் இருக்கும்போதோ ஸ்டாண்டில் இருக்கும்போதோ இதைச் செய்யாதீர்கள்.

இதை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். ஃபைபரில் பெரும்பாலும் கேனகலான் போன்ற மோடாக்ரிலிக் இழைதான் இருக்கும். அது சூட்டில் இளகும், ஆறும்போது எந்த வடிவத்தில் இருக்கிறதோ அதிலேயே நின்றுவிடும். அதனால் கழுவினாலும் அதன் வளைவு போகாது. ஆனால் ஸ்ட்ரெய்ட்னரைத் தொட்டால் போச்சு. மனித முடி நேர் எதிர். சூட்டைத் தாங்கும், ஆனால் ஈரம் பட்டால் போட்ட சுருளெல்லாம் போய்விடும்.

மனித முடி விக்கில் 'ரெமி' என்று எழுதியிருந்தால், எல்லா முடியும் வேர் ஒரு பக்கம், நுனி ஒரு பக்கம் என்று ஒரே திசையில் வைத்துத் தைக்கப்பட்டது என்று பொருள். முடியின் மேல் மீன் செதில் போன்ற அடுக்கு உண்டு. திசை மாறி மாறி வைத்தால் அந்தச் செதில்கள் ஒன்றோடொன்று உரசிச் சிக்கு விழும். திருப்பதியில் காணிக்கையாக இறக்கும் நீள முடிக்கு உலகச் சந்தையில் இவ்வளவு மதிப்பு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தலையிலிருந்து மொத்தமாக எடுப்பதால் திசை கலையாமல் கட்டிவைக்க முடிகிறது.

என்னென்ன வாங்கி வைக்க வேண்டும்?

நல்ல கூர்மையான முடி வெட்டும் கத்தரிக்கோல் ஒன்று, சீப்பு மாதிரிப் பல் வைத்த தின்னிங் கத்தரிக்கோல் ஒன்று, அகலப் பல் சீப்பு, வால் சீப்பு, நாலைந்து கிளிப், தண்ணீர் தெளிக்கும் பாட்டில், தெர்மாகோல் தலை, குத்தி நிறுத்தக் குண்டூசிகள். சமையலறைக் கத்தரிக்கோலும் துணிக் கத்தரிக்கோலும் வேண்டவே வேண்டாம். அவை முடியை நழுவவிட்டுக் கோணலாக வெட்டும். ஃபைபர் கத்தரிக்கோலைச் சீக்கிரம் மழுக்கிவிடும். அதனால் அதற்கென்று தனியாக ஒன்று வைத்துக்கொள்வது நல்லது.

ஸ்டாண்டில் வைத்து வெட்டுவதா, தலையில் போட்டுக்கொண்டு வெட்டுவதா?

பிடரியையும் பின்பக்க நீளத்தையும் ஸ்டாண்டில் வெட்டலாம். முகத்தைச் சுற்றி வரும் எதையும் போட்டுக்கொள்கிறவர் தலையில்தான் வெட்ட வேண்டும். தெர்மாகோல் தலை பெரும்பாலும் நம் தலையைவிடச் சின்னது. அதில் காதும் ஒழுங்காக இருக்காது, நெற்றி மேடும் இருக்காது. அங்கே அளவாகத் தெரிந்தது தலையில் ஏறியதும் 2 சென்டிமீட்டர் மேலே போய்விடும்.

பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். முதலில் விக் சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். புருவத்துக்கு மேலே நான்கு விரல் வைத்தால் நான்காவது விரலுக்கு மேல் விக்கின் ஓரம் வர வேண்டும். விக்கின் ஓரத்தில் இரண்டு காதுக்கு முன்னாலும் வரும் சின்ன மடிப்புகள் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். தளர்வாக இருந்தால் உள்ளே பின்பக்கம் இருக்கும் பட்டையை இறுக்கிக் கொக்கி மாட்டுங்கள். தினமும் பொட்டு வைக்கிறவர் என்றால் பொட்டு வைத்துவிட்டு உட்காரச் சொல்லுங்கள். கண்ணாடி போடுகிறவர் கண்ணாடியைப் போட்டுக்கொள்ள வேண்டும். கண்ணாடிக் கம்பி காதோர முடியை வெளியே தள்ளும். அது தெரியாமல் வெட்டிவிட்டு இரண்டு பேருக்குத் திரும்ப வெட்ட வேண்டியதாகிவிட்டது.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

பிடரியிலிருந்து. மேல் முடியைச் சுருட்டி உச்சியில் கிளிப் போட்டுவிட்டு, கீழ் இரண்டு வரிசையை மட்டும் இறக்கிவிடுங்கள். தப்பு நடந்தாலும் மேல் முடி மூடிவிடும் என்பதால் கை பழகுவதற்கும் இதுதான் இடம். எவ்வளவு நீளம் வேண்டுமோ அதைவிட 3 சென்டிமீட்டர் அதிகமாகவே விட்டு வெட்டுங்கள். அப்புறம் அடுத்த வரிசையை இறக்கி, கீழே வெட்டியதை அளவாக வைத்து வெட்டுங்கள். இப்படியே உச்சி வரை.

இதில் முக்கியமானது கத்தரிக்கோல் பிடிக்கும் விதம். காகிதம் வெட்டுவதுபோல் குறுக்கே வைத்து ஒரே வெட்டாக வெட்டினால் நுனி கயிறு அறுத்ததுபோல மொட்டையாக நிற்கும். ஃபைபரில் அது இன்னும் மோசமாகத் தெரியும். இரண்டு விரலுக்கு நடுவே முடியைப் பிடித்துக்கொண்டு, கத்தரிக்கோலைச் செங்குத்தாக, நுனி மேல்நோக்கி வருகிற மாதிரி வைத்து, சின்னச் சின்னதாகக் கொத்துங்கள். நுனி ஏற்றத்தாழ்வாக வரும். வளர்ந்த முடியின் நுனி அப்படித்தான் இருக்கும்.

ஃபைபரைக் காய்ந்த நிலையிலேயே வெட்டுங்கள். மனித முடியை லேசாக ஈரப்படுத்தி நீளத்தை எடுத்துவிட்டு, காய்ந்த பிறகு மிச்சத்தைத் திருத்துங்கள். ஈரமாக இருக்கும்போது முடி நீண்டு தெரியும், அளவை நம்ப முடியாது. அலை அலையான முடியில் இந்த வித்தியாசம் இன்னும் அதிகம்.

ஒரே நாளில் முடித்தாக வேண்டும் என்று எதுவும் இல்லை. பாதியில் நிறுத்துங்கள். இரண்டு நாள் வீட்டுக்குள் போட்டுக்கொண்டு நடக்கட்டும், ஃபோட்டோ எடுத்துப் பாருங்கள், அப்புறம் மறுபடி உட்காருங்கள். அக்காவுக்கு மூன்றாவது தடவை வெட்டிய பிறகுதான் அவள் முகம் திரும்பி வந்தது.

அடர்த்தியை எப்படிக் குறைப்பது? எவ்வளவு குறைப்பது?

விக்கை மாற்றுவது நீளத்தைவிட இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தின்னிங் கத்தரிக்கோலை வேரிலிருந்து குறைந்தது 5 சென்டிமீட்டர் தள்ளித்தான் வைக்க வேண்டும். ஒரு விரல் அகலத்துக்கு முடியை எடுத்து, நடுநீளத்தில் ஒரு முறை மூடித் திறங்கள். கொஞ்சம் கீழே இறங்கி இன்னொரு முறை. சீப்பால் வாரி உதிர்ந்ததை எடுத்துவிட்டுப் பாருங்கள். ஒரே இடத்தில் இரண்டுக்கு மேல் வேண்டாம். மேல் வரிசையைத் தொடாமல் அதற்கு அடியில் இருக்கும் வரிசைகளில்தான் அதிகமாகக் குறைக்க வேண்டும். மேல் வரிசை தையலை மூடும் போர்வை, அது அப்படியே இருக்கட்டும்.

வேருக்குப் பக்கத்தில் ஏன் கூடாது என்பதை நான் அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். அக்காவின் முதல் விக்கில் வகிட்டை ஒட்டி முடி மேடாக நின்றது. அதை அமுக்கலாம் என்று வகிட்டோரத்திலேயே தின்னிங் போட்டேன். வெட்டுப்பட்ட குட்டை முடி எல்லாம் முள் முள்ளாக எழுந்து, மேல் முடியையும் தூக்கிக்கொண்டு நின்றது. முன்பைவிட மேடு அதிகமாகிவிட்டது. ஃபைபர் முடி வளராது. அந்த விக் இருந்தவரை அவள் அதைத் துப்பட்டா போட்டு மூடியே அணிந்தாள். ஊசி போட்டு வந்த களைப்பிலும், "பரவாயில்லடி" என்றாள். அவள் அப்படிச் சொன்னது இன்னும் உறுத்துகிறது. வகிட்டோர மேட்டுக்குச் சரியான வழி வேறு: சூடான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துண்டை வகிட்டின் மேல் வைத்து அழுத்தி, ஆறும் வரை இறுக்கமாகத் துணி கட்டி வையுங்கள். பெரும்பாலும் அடங்கிவிடும்.

காதுக்கு முன்னால் வரும் முடியில் மட்டும் தாராளமாகக் குறைக்கலாம். அங்கே சொந்த முடி யாருக்குமே கனமாக இருக்காது.

நெற்றியில் விழும் முடியை எப்படி வெட்டுவது?

லேஸ் (முன் ஓரத்தில் முடியை முடிச்சுப் போட்டுக் கோத்திருக்கும் மெல்லிய வலைத்துணி) வைக்காத விக்குக்கு இது பெரிய உதவி, முன் ஓரத்தை மறைத்துவிடும். உச்சியில் ஒரு புள்ளி, இரண்டு புருவங்களின் வெளி நுனிக்கு நேராக இரண்டு புள்ளி என்று முக்கோணமாக முடியைப் பிரியுங்கள். மற்றதெல்லாம் கிளிப்புக்குள் போகட்டும். முதல் வெட்டு மூக்கு நுனி அளவுக்கு. அங்கிருந்து அரை அரை சென்டிமீட்டராக மேலே வாருங்கள். நடுவில் குட்டையாகவும் ஓரங்களில் நீளமாகவும் சாய்த்து வெட்டினால் முகத்தோடு சேரும்.

விக் நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்காது, சாயங்காலத்துக்குள் கொஞ்சம் நகரும். பின்னால் நகர்ந்தால் நெற்றி முடி குட்டையாகத் தெரியும். அதனால் புருவத்தைத் தொடுகிற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

முன்னால் இருக்கும் லேஸை எப்போது, எப்படி வெட்டுவது?

எல்லா வேலையும் முடிந்த பிறகு, கடைசியாக. விக்கைத் தலையில் வைத்து, முன் முடியைப் பின்னால் வாரிக் கட்டிவிட்டு, சின்னக் கத்தரிக்கோலால் வளைந்து வளைந்து வெட்டுங்கள். நேர்கோடாக வெட்டினால் நெற்றியில் கோடு தெரியும். முடி தொடங்கும் இடத்திலிருந்து 2 முதல் 3 மில்லிமீட்டர் லேஸை விட்டுவிடுங்கள். ஒட்ட வெட்டினால் முடிச்சு அவிழ்ந்து முன் வரிசை உதிர ஆரம்பிக்கும். கீமோ எடுத்துக்கொள்கிறவர்களுக்கு லேஸை ஒட்டும் பசை வேண்டாம். அந்த நேரத்தில் தோல் மிகவும் மென்மையாக இருக்கும். வெல்வெட் பட்டை ஒன்றை உள்ளே கட்டிக்கொண்டால் வழுக்காமல் நிற்கும்.

தெரியாமல் அதிகமாக வெட்டிவிட்டேன். இனி என்ன செய்வது?

கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுங்கள். சரிசெய்கிறேன் என்று அடுத்த பக்கத்தையும் வெட்டி, மறுபடி இந்தப் பக்கத்துக்கு வந்து, கடைசியில் கழுத்துவரை இருந்தது காதுவரை வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் கழித்துப் பாருங்கள். நெற்றி முடி குட்டையாகிவிட்டால் பக்கவாட்டில் வகிடு மாற்றி, மேலே இருந்து கொஞ்சம் முடியை இறக்கி மூடலாம். ஒரு பக்கம் ஏறிவிட்டால், இரண்டு பக்கத்துக்கும் படிப்படியான வெட்டு வைத்தால் வித்தியாசம் கரைந்துவிடும். ஓட்டை விழுந்ததுபோல் ஓரிடம் தெரிந்தால், பிடரியின் அடிவரிசையிலிருந்து ஒரு துண்டைப் பிரித்து உள்பக்கம் ஊசி நூலால் தைக்கலாம். பிடரியில் ஒரு வரிசை குறைந்தால் யாருக்கும் தெரியாது.

ஃபைபர் முடி பளபளவென்று மின்னுகிறது, என்ன செய்யலாம்?

கொஞ்சம் டால்கம் பவுடரை உள்ளங்கையில் தேய்த்து முடியில் ஒற்றி, நன்றாக வாரி உதறிவிடுங்கள். கறுப்பு முடியில் வெள்ளை தங்கினால் நரைபோலத் தெரியும், அதனால் மிகக் குறைவாக. இரண்டு மூன்று முறை கழுவினால் தானாகவும் மங்கும்.

சுருட்டவோ நேராக்கவோ முடியுமா?

ஃபைபருக்கு வெந்நீர்தான். விக்கைத் தலையில் போட்டுக்கொண்டு இதைச் செய்யவே கூடாது. ஸ்டாண்டில் வைத்து, முடியை ரோலரில் சுற்றிக் கிளிப் போடுங்கள். கொதித்த தண்ணீரை இறக்கி, ஐந்து நிமிடம் ஆறவிட்டு, 70 முதல் 80 டிகிரி சூட்டில் ரோலர்கள் மேல் மெதுவாக ஊற்றுங்கள். தொப்பியிலும் லேஸிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிட்டுக் காலையில் அவிழுங்கள். ஆறுவதற்கு முன்னால் அவிழ்த்தால் சுருள் நிற்காது. நேராக்க வேண்டுமானால் ரோலர் இல்லாமல் ஊற்றி, அகலப் பல் சீப்பால் வாரி, தொங்கவிட்டு ஆறவிடுங்கள். பிடரியில் காலர், ரவிக்கை, துப்பட்டா உரசி உரசி நுனி பஞ்சாகிவிடும். அதற்கும் இதே வைத்தியம்தான். அதற்கும் அடங்காவிட்டால் அந்த நுனியை மட்டும் கொத்தி எடுத்துவிடுங்கள்.

சூடு தாங்கும் ஃபைபர் என்று எழுதியிருந்தால் மட்டும் ஸ்ட்ரெய்ட்னரை மிகக் குறைந்த சூட்டில் வைத்து, பிடரியில் ஒரு கற்றையில் சோதித்துப் பார்த்த பிறகு செய்யலாம். மனித முடி என்றால் 150 டிகிரிக்கு மேல் போகாதீர்கள். அதற்கு மறுபடி ஊட்டம் கொடுக்க வேர் கிடையாது, கருகியது கருகியதுதான்.

பின்னல் போடலாமா, பூ வைக்கலாமா?

இதைக் கேட்காத பெண்களே இல்லை. கேட்கும்போது குரல் இறங்கிவிடும். தாராளமாக வைக்கலாம்.

பின்னலைக் கழுத்துக்குப் பக்கத்தில் தாழ்வாகத் தொடங்குங்கள். உயரத் தூக்கிக் கட்டினால் பிடரியில் தொப்பியின் விளிம்பும் தையல் வரிசைகளும் தெரியும். பூவை லேஸிலோ வகிட்டிலோ குத்தாமல், பின்பக்கம் விரலால் தடவினால் கனமாகத் தட்டுப்படும் தையல் வரிசையில் ஸ்லைடு போட்டுக் கோத்துவிடுங்கள். ஒரு முழம் வைத்தால் போதும். கனமாக வைத்தால் விக் பின்னால் இழுக்கும். ஈரம் சொட்டும் பூவைக் கொஞ்சம் உலரவிட்டு வையுங்கள். கழற்றும்போது முதலில் பூ, அப்புறம் ஸ்லைடு, அப்புறம் விக்.

சமையல் செய்யும்போது போட்டுக்கொள்ளலாமா?

ஃபைபர் என்றால் வேண்டாம். இட்லிப் பானையைத் திறக்கும் ஒரு கணம், தாளிக்கும்போது குனியும் ஒரு கணம் போதும், முன் முடி பொரிந்து சுருண்டுவிடும். கோயிலில் கற்பூரத் தட்டு வரும்போதும் குனியாதீர்கள், கையால் ஒற்றிக்கொள்ளுங்கள். வீட்டில் பருத்தித் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு வேலை பார்ப்பது தலைக்கும் நல்லது.

எப்படிக் கழுவுவது? எண்ணெய், டை போடலாமா?

நம் ஊர் வியர்வைக்கு ஏழெட்டு முறை போட்டதும் கழுவிவிடுங்கள். முதலில் காய்ந்த நிலையில் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். பக்கெட்டில் குளிர்ந்த தண்ணீர், ஒரு ஸ்பூன் மிதமான ஷாம்பூ, ஐந்து நிமிடம் ஊறல். கசக்கக் கூடாது, முறுக்கிப் பிழியக் கூடாது. துண்டில் வைத்து அழுத்தி ஒற்றிவிட்டு நிழலில் உலர்த்துங்கள். ஈரமாக இருக்கும்போது வாராதீர்கள். கண்டிஷனர் நுனிக்கு மட்டும். வேரில் பட்டால் முடிச்சு வழுக்கி அவிழும்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம், தூசியை இழுத்துப் பிசுக்காகிவிடும். முடிக்குப் போடும் டை ஃபைபரில் பிடிக்காது.

கீமோ தொடங்கப் போகிறது. எப்போது வாங்கி, எப்போது வெட்டுவது?

எல்லாக் கீமோ மருந்துக்கும் முடி கொட்டாது, முதலில் டாக்டரிடம் கேளுங்கள். கொட்டும் என்றால் பெரும்பாலும் முதல் ஊசி போட்ட 2 அல்லது 3 வாரத்தில் தொடங்கும். அதற்கு முன்பே நான்கு பக்கமும் ஃபோட்டோ எடுத்து வையுங்கள்: நேர்முகம், இரண்டு பக்கவாட்டு, பின்பக்கம். வகிடு எங்கே, நெற்றி எவ்வளவு உயரம், காதோர முடி எப்படி வளைகிறது என்று எல்லாம் அதில் இருக்கும். வெட்டும்போது அந்த ஃபோட்டோவைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வேன்.

வாங்குவது முன்னாலேயே இருக்கட்டும், வெட்டுவது முடி போன பிறகு. உள்ளே முடி இருக்கும்போது விக் மேலே தூக்கி நிற்கும், முடி போனதும் இறங்கிவிடும். தலைச்சுற்றளவும் கொஞ்சம் குறையும். அன்று வெட்டிய அளவு எல்லாம் மாறிவிடும்.

வெட்டும் நாளை அவர்கள் தேர்ந்தெடுக்கட்டும். ஊசி போட்ட வாரத்தில் கழுத்தை நிமிர்த்தி உட்காரவே முடியாது. அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார வைக்காதீர்கள். கண்ணாடியை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள், எப்போது பார்க்க வேண்டுமோ அப்போது பார்த்துக்கொள்ளட்டும்.

சொந்த முடி வளர ஆரம்பித்த பிறகு விக்கை என்ன செய்வது?

கீமோ முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் பூனைமுடிபோலத் தொடங்கும். பிறகு மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளரும். முதலில் வருவது சுருட்டையாகவும் இருக்கலாம். இந்தச் சமயத்தில் நான் செய்வது, விக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாக்கிக்கொண்டே வருவது. ஒவ்வொரு மாதமும் 3 சென்டிமீட்டர். பார்க்கிறவர்களுக்கு, இவள் கிராப் வெட்டிக்கொள்ளப் பழகுகிறாள் என்றுதான் தோன்றும். சொந்த முடி 5, 6 சென்டிமீட்டர் வந்ததும் விக்கைக் கழற்றினால் பெரிய மாற்றமாகத் தெரியாது, யாரும் நின்று கேள்வி கேட்க மாட்டார்கள்.

அக்காவின் இரண்டாவது விக் அப்படிக் காதுவரை வந்து நின்றது. கழுவி, உலர்த்தி, டிஷ்யூ காகிதம் அடைத்துப் பெட்டியில் வைத்திருந்தோம். போன வருடம் எங்கள் தெருவில் ஒரு அம்மாவுக்குத் தேவைப்பட்டது. உள்பட்டையை இறுக்கி, காதோரத்தில் மட்டும் கொஞ்சம் எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை அக்காதான் பிடித்துக்கொண்டிருந்தாள்.